திப்பு காலத்துத் துப்பாக்கியா? முதலில் குழலைப் பாருங்கள்

கொங்கு நாட்டுப் பக்கம் பழைய தொட்டிக்கட்டு வீடு எதற்காவது போய் அட்டாலியில் ஏறிப் பார்த்தால் என்ன இருக்கும்? ஓட்டை விழுந்த பித்தளை அண்டா, ஒடிந்த நுகத்தடி, யாரும் திறக்காத ஒரு டிரங்குப் பெட்டி. சில வீடுகளில் கூடவே கிழிந்த வேட்டி சுற்றிய நீளமான சாமான் ஒன்றும் கிடக்கும். துப்பாக்கி! வீட்டுக்காரரைக் கேட்டால் "எங்க அப்பாரு காலத்துது" என்றுதான் ஆரம்பிப்பார். இரண்டாவது டம்ளர் காபி வருவதற்குள் அது திப்பு சுல்தான் படையில் இருந்ததாகிவிடும். ஊர் ஓடாநிலைக்கோ அரச்சலூருக்கோ பக்கமாக இருந்தால் தீரன் சின்னமலையே கையில் பிடித்ததாகிவிடும்.

வெறும் பெருமைப் பேச்சு என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இதில் பணம் இருக்கிறது. 2019 மார்ச்சில் இங்கிலாந்தில் ஓர் ஏலம் நடந்தது. பெர்க்‌ஷயரில் ஒரு குடும்பத்தின் வீட்டுப் பரணில் கிடந்த திப்புவின் ஆயுதங்கள் ஏலத்துக்கு வந்தன. அதில் வெள்ளி வேலைப்பாடு செய்த தீக்கல் துப்பாக்கி ஒன்று மட்டும் 60,000 பவுண்டுக்குப் போனது. இந்த மாதிரிச் செய்தி பேப்பரில் வந்தால் நம்மூர் அட்டாலிகளும் கொஞ்சம் சுறுசுறுப்பாகிவிடும். இன்னொரு பக்கம் சட்டமும் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி பெருமைக்குரிய பொருளா, வழக்குக்குரிய பொருளா என்பதை அதன் கதை தீர்மானிப்பதில்லை, அதன் இரும்புதான் தீர்மானிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, "இன்னும் வெடிக்குமா பார்க்கலாம்" என்று மருந்து போட்டுப் பார்ப்பவரின் விரல்களும் முகமும் அந்தக் குழலை நம்பித்தான் இருக்கின்றன.

அது என்ன குழல், எப்போது செய்தது, அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம். இது தெரியாமல் துப்பாக்கியைப் பார்ப்பது கம்பெனியின் பெயர் தெரியாமல் பேலன்ஸ் ஷீட் படிப்பது மாதிரி.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொங்கு நாட்டில் துப்பாக்கிக்குப் பஞ்சமே இல்லை. மைசூர்ப் படையும் கும்பினிப் படையும் மாறி மாறி இந்த மண்ணில்தான் மோதின. 1790 செப்டம்பரில் சத்தியமங்கலத்தில் சண்டை. 1791இல் கோயம்புத்தூர்க் கோட்டையை லெப்டினன்ட் சால்மர்ஸ் சில மாதங்கள் காத்துப் பார்த்து, நவம்பரில் திப்புவின் தளபதி கமருதீன் கானிடம் விட்டுக்கொடுத்தார். கோட்டை கைமாறினால் ஆயுதமும் கைமாறும். மைசூர்க்காரன் கையில் கும்பினித் துப்பாக்கி, கும்பினி முகாமில் மைசூர்த் துப்பாக்கி. பாளையக்காரர்களிடம் இரண்டும் இருந்திருக்கும், கூடவே உள்ளூர்க் கொல்லர் அடித்த திரித் துப்பாக்கியும் இருந்திருக்கும்.

அப்படியானால் இன்று வீட்டுக்கு வீடு இருக்க வேண்டுமே? அங்கேதான் கதை திரும்புகிறது. 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது. அங்கிருந்த நல்ல துப்பாக்கிகள் பலவும் வெற்றிப் பொருளாகக் கப்பலேறின. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கோயம்புத்தூரில் கும்பினிப் படையைத் தாக்கும் முயற்சி தோற்றது, பிடிபட்டவர்கள் பலர் தூக்கில் தொங்கினார்கள். 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், இனி ஆயுதம் ஏந்தக் கூடாது. 1805 ஜூலை 31ஆம் தேதி சங்ககிரியில் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். 1857க்குப் பிறகு ஆயுதச் சட்டங்கள் வந்தன, 1878இல் லிட்டன் பிரபுவின் சட்டம் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்தது.

இத்தனை வடிகட்டியையும் தாண்டி ஒரு துப்பாக்கி அட்டாலியில் உட்கார்ந்திருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. நிஜமாகவே தப்பித்த அபூர்வம், இல்லை பிற்பாடு வந்தது. பிற்பாடு வந்ததாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

ஒரு நாட்டுத் துப்பாக்கியில் மூன்று பாகம்: மரக்கட்டை, பூட்டு, குழல். கட்டையைக் கரையான் தின்னும், ஆசாரி வேறு கட்டை போடுவார். குதிரை, விசை எல்லாம் சேர்ந்த பூட்டு தேயும், உடையும், மாற்றப்படும். தீக்கல் வழக்கொழிந்து கேப்பு வந்த 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பழைய துப்பாக்கிகளுக்கே புதுப் பூட்டு மாட்டினார்கள். அதனால் கேப்புப் பூட்டு இருக்கிறதே என்று துப்பாக்கி முழுவதற்கும் அந்த வயதைத் தரவும் முடியாது, பூட்டில் 1790 என்று வெட்டியிருப்பதால் குழலும் 1790 என்று நம்பவும் முடியாது. மாற்றுவதற்குக் கஷ்டமானது குழல்தான். ஆகவே விசாரணையில் முதல் சாட்சி குழல்.

சாட்சியைத் தொடும் முன் ஒரு வேலை. ஒரு மெல்லிய மரக்குச்சியை வாய் வழியாக அடிவரை விட்டு, வாய் விளிம்பில் அடையாளம் வைத்து வெளியே எடுக்க வேண்டும். அதே குச்சியைக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தால் நுனி தீத்துளைக்குக் கிட்ட வர வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. குளவிக்கூடாகவும் இருக்கலாம், யாரோ தாத்தா காட்டுப்பன்றிக்காக இடித்து வைத்த மருந்தும் ரவையுமாகவும் இருக்கலாம். கரிமருந்து காய்ந்த நிலையில் எத்தனை வருடமானாலும் கெடாது. அந்தச் சந்தேகம் வந்தால் விவரம் தெரிந்தவர் வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது.

அடுத்த கேள்வி, அது ரைபிளா என்பது. ஊரில் நீளமான எல்லாமே ரைபிள்தான். குழலுக்குள்ளே திருகுபோலச் சுற்றிச் செல்லும் பள்ளவரிகள் இருந்தால்தான் நிஜமான ரைபிள். குண்டைச் சுழலவைத்து நேராக அனுப்புவது அந்த வரிகளின் வேலை. உள்ளே வழுவழுவென்று இருந்தால் அது மஸ்கட், அல்லது வெறும் ரவைத் துப்பாக்கி. டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தியாவில் கிடைக்கும் வாய்வழித் துப்பாக்கிகளில் புகழ்பெற்றது 1853 மாதிரி என்ஃபீல்டு. 39 அங்குலக் குழல், .577 அங்குல உள்விட்டம், மூன்று வரிகள். கொழுப்புத் தடவிய தோட்டா என்று 1857இல் சிப்பாய்கள் கொதித்தார்களே, அந்தத் துப்பாக்கியேதான். இப்போது ஒருவர் என்ஃபீல்டைக் கொண்டுவந்து காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டில் கிரீடம் இருக்கிறது, வருடம் இருக்கிறது, குழல் 39 அங்குலம். உள்ளே பார்த்தால் வரியே இல்லை! "டூப்ளிகேட்" என்று தள்ளிவிடத் தோன்றும். அவசரப்படக் கூடாது.

1857க்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு ஒரு பயம் வந்துவிட்டது. இந்தியச் சிப்பாயின் கையில் வெள்ளைச் சிப்பாயின் துப்பாக்கிக்குச் சமமான துப்பாக்கி இருக்கக் கூடாது. அதற்காக 1858 மாதிரி என்று ஒன்று செய்தார்கள். பார்க்க அச்சு அசல் என்ஃபீல்டு, ஆனால் குழலின் உள்வரிகளைக் கடைந்து எடுத்துவிட்டு .65 அங்குல அளவுக்கு வழுவழுவென்று ஆக்கிவிட்டார்கள். தூரம் குறையும், குறி தவறும். அதுதானே வேண்டும்! இதில் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதும் உண்டு. கடைந்ததில் குழலின் சுவர் மெலிந்துவிட்டது. அதனால் அடுத்து வந்த 1859 மாதிரிக்குத் தடித்த குழலே புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

ஆக, வரி இல்லாத அந்த என்ஃபீல்டு அசலாக இருக்கலாம். அசலான அவநம்பிக்கையின் சாட்சி அது. பழைய பொருள் வாங்குபவர்கள் "எந்த மாற்றமும் செய்யாதது" என்பதைத்தான் அசல் என்று நினைக்கிறார்கள். இந்த நாட்டுத் துப்பாக்கிகளைப் பொறுத்தவரை அந்த அளவுகோல் பல சமயம் தலைகீழ். கடைந்த குழலும், தீக்கல்லிலிருந்து கேப்புக்கு மாறிய பூட்டும், உடைந்து செப்புத் தகடு கட்டிய கட்டையும் அது வாழ்ந்ததற்கான அத்தாட்சிகள். எல்லாமே கச்சிதமாக, ஒரே மாதிரிப் பளபளப்போடு, முத்திரை மட்டும் தெளிவாக இருப்பதைப் பார்த்துத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, குழல் எதனால் ஆனது?

பழைய குழல்கள் பெரும்பாலும் தேனிரும்பு. உருக்கி வார்த்ததல்ல, உலையில் பழுக்கக் காய்ச்சி அடித்து அடித்துக் கசடு நீக்கியது. நீக்கினாலும் கொஞ்சம் கசடு உள்ளேயே தங்கி, அடிக்கும்போது இழை இழையாக நீண்டுவிடும். இந்த இழைதான் தேனிரும்பின் கைரேகை. நூறு வருடம் துருப்பிடித்த தேனிரும்பை உற்றுப் பார்த்தால் பழைய மரப்பலகை மாதிரி நீளவாக்கில் நாரோடியிருக்கும். பிற்கால எஃகு அப்படித் துருப்பிடிக்காது, அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிப் புள்ளியாகக் குழி விழும். காசு செலவில்லாத பரிசோதனை இது, கண்ணும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும்.

தேனிரும்புத் தகட்டைக் குழலாக்குவதற்கும் இரண்டு வழி. ஒரு நீளமான பட்டையைக் கம்பி மேல் வளைத்து இரண்டு ஓரத்தையும் நீளவாக்கில் ஒட்ட அடிப்பது சுலபமான வழி. அந்தத் தையல் சரியாக ஒட்டவில்லை என்றால் வெடிக்கும்போது குழல் வாழைப்பழத் தோல் மாதிரி பிளந்துவிடும். இன்னொரு வழி, பட்டையைச் சாய்வாகச் சுருட்டிச் சுருட்டி ஒட்டுவது. இதில் தையல் குழலைச் சுற்றி ஓடுவதால் வெடியின் அழுத்தம் ஒரே கோட்டில் விழாது. இதை ஏதோ ஐரோப்பியக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியிலேயே இரண்டு முறையும் இருக்கிறது. பழைய முறைக் குழல்கள் வெடித்து ஆட்களைக் கொன்றதையும், அக்பரின் பட்டறையில் காகிதத்தைச் சுருட்டுவதுபோல இரும்பைச் சாய்வாகச் சுருட்டியதையும் அவர் எழுதியிருக்கிறார்.

இரும்பையும் எஃகையும் அடுக்கடுக்காகச் சேர்த்து முறுக்கிச் சுருட்டினால் கிடைப்பது டமாஸ்கஸ் குழல். அதன் மேல் லேசான அமிலம் பட்டால் இரும்பு ஒரு நிறமாகவும் எஃகு ஒரு நிறமாகவும் மாறி, பாம்புத்தோல் மாதிரி அழகான கோலம் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கோலத்துக்கு ஐரோப்பாவில் ஏகப்பட்ட கிராக்கி. கிராக்கி இருக்கும் இடத்தில் போலி வராமல் இருக்குமா? சாதாரணக் குழலின் மேல் டமாஸ்கஸ் கோலத்தை வெறும் மேற்பூச்சாகப் பதித்து விற்றார்கள். கண்டுபிடிப்பது சுலபம்: கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நிஜக் கோலம் சுற்றிலும் தொடரும், ஏனென்றால் அது இரும்புக்குள்ளேயே இருக்கிறது. போலிக் கோலம் கட்டைக்குள் மறையும் இடத்தில் பல சமயம் நின்றுவிடும். மறைந்திருக்கும் பகுதிக்கு யார் செலவு செய்வார்கள்?

இந்த இடத்தில் கொங்கு நாட்டுக்காரர்களுக்குப் பிடித்த ஒரு வாதம் வரும். "நம்ம கொடுமணல் உருக்கில் செய்த குழல் இது." கேட்க இனிக்கும் வாதம்தான். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையிலிருக்கும் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று ஊர்ப் பெயரே வருகிறது. சேலம் வட்டாரத்து மூசை உருக்கு 19ஆம் நூற்றாண்டு வரை செய்யப்பட்டது, அதன் ரகசியம் என்ன என்று லண்டனில் மைக்கேல் ஃபாரடேவே மண்டையை உடைத்துக்கொண்டார். 1800, 1801இல் கோயம்புத்தூர்ச் சீமை வழியாகப் பயணம் போன பிரான்சிஸ் புக்கானன் இங்கே இரும்பு உருக்கும் உலைகளைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். எல்லாம் உண்மை.

ஆனால் குழல் வேறு விஷயம். மூசை உருக்கில் கரி ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். கத்திக்கு அருமையான சரக்கு, கூர் நிற்கும். ஆனால் ஒட்ட அடிக்கத் தேவையான அளவுக்குக் காய்ச்சினால் அது நொறுங்கும். ஒரு மூசையில் கிடைக்கும் கட்டியும் சின்னது, ஏறத்தாழ ஒரு கிலோவுக்குள்தான். கிலோக்கணக்கில் எடையுள்ள குழலை அதில் மட்டும் செய்ய எத்தனை கட்டிகளை ஒட்ட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். குழலுக்கு வேண்டியது வெடியைத் தாங்கிக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும் இரும்பு, கண்ணாடி மாதிரி உடைகிற கடினம் அல்ல. அதனால்தான் கோலம் தெரிந்தவுடனே "மூசை உருக்கு" என்று முடிவுகட்டக் கூடாது. சுருட்டி ஒட்டிய டமாஸ்கஸில் கோலம் ஒழுங்காக, பட்டை பட்டையாகத் திரும்பத் திரும்ப வரும். மூசை உருக்கின் கோலம் தண்ணீரில் விழுந்த நிழல் மாதிரி ஒழுங்கில்லாமல் அலையும். முதலாவதைத்தான் துப்பாக்கிக் குழல்களில் அதிகம் பார்க்கலாம். கொடுமணலின் பெருமைக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை.

முத்திரைகளுக்கு வருவோம். விற்பவர் முதலில் காட்டுவது இதைத்தான், அதனால் கடைசியில் பார்ப்பதே நல்லது. கும்பினித் துப்பாக்கிகளில் 1808க்கு முன்னால் நான்காகப் பிரித்த இதய வடிவம், அதில் கும்பினியின் எழுத்துகள். அதற்குப் பிறகு பின்னங்காலில் நிற்கும் சிங்கம். பர்மிங்ஹாமில் 1813இல் சோதனைச் சாலை வந்தது, அங்கே கூடுதல் மருந்து போட்டு வெடித்துத் தாங்கிய குழலுக்குக் கிரீடமும் குறுக்காகச் சாய்ந்த இரண்டு செங்கோலும் குத்துவார்கள். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பதால் போலி செய்பவருக்கும் தெரியும். கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் கிரீடம், சிங்கம், வருடம் எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாத கொல்லர் பார்த்துப் பார்த்து வெட்டுவதால் சில எழுத்துகள் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கும். அசல் முத்திரை ஒரே அடியில் குத்தியது, பள்ளத்தின் அடி சமமாக இருக்கும். போலி பல சமயம் உளியால் கோடு கோடாகக் கீறியது.

திப்புவின் துப்பாக்கிக்கு அடையாளம் இன்னும் நுணுக்கம். புலி முகம், புலிவரிக் கோடுகள், ஸ்ரீரங்கப்பட்டினத்துக் கைவினைஞர் பெயர். சையது மஸும் என்பது அப்படி ஒரு பெயர். வருடம் ஹிஜ்ரியிலும் இருக்காது, ஆங்கிலத்திலும் இருக்காது. திப்பு தானே கொண்டுவந்த மவுலூதி ஆண்டில் இருக்கும், அதிலும் எண்களை வலமிருந்து இடமாக எழுதியிருப்பார்கள். "1788" என்று ஆங்கில எண்ணில் பளிச்சென்று வெட்டிய திப்பு துப்பாக்கியை யாராவது காட்டினால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

பெரும்பாலான அட்டாலித் துப்பாக்கிகள் இந்த எந்தப் பட்டியலிலும் வராது. அவை 20ஆம் நூற்றாண்டில் ஏதோ ஒரு பட்டறையில் செய்த நாட்டுத் துப்பாக்கிகள். ஏற்காடு, கொல்லிமலை, தாளவாடி என்று மலையடிவாரத்திலெல்லாம் தினைக்கும் சோளத்துக்கும் பன்றி வரும், காவலுக்குத் துப்பாக்கி வேண்டும். லைசென்ஸோடு வாங்கியதும் உண்டு, அதில் "எஸ்.பி.எம்.எல்." என்று எழுதியிருக்கும், ஒற்றைக்குழல் வாய்வழித் துப்பாக்கி என்று அர்த்தம். லைசென்ஸ் இல்லாமல் செய்துகொண்டதும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்கக் கோயம்புத்தூர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. தெருவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கும் ஊராயிற்றே! பழைய குழல் அடிப்பக்கம் தடித்து வாய்ப்பக்கம் போகப் போக மெலியும், ஏனென்றால் வெடியின் அழுத்தம் அடியில்தான் அதிகம். வெர்னியர் வைத்து நாலு இடத்தில் அளந்தால் போதும். அடியிலிருந்து நுனிவரை ஒரே அளவு வந்தால் அது குழாய்க் கடைச் சரக்காக இருக்கலாம். டார்ச் அடித்தால் உள்ளே நேர்கோடாக ஒரு தையல் மேடு தெரிகிறதா? அது மின்சாரத்தில் ஒட்டிய தண்ணீர்க் குழாய். அடைப்பாணியைக் கழற்ற முடிந்தால் மரையைப் பார்க்க வேண்டும். பழைய நாட்டுத் திரித் துப்பாக்கிகள் பலவற்றில் மரையே கிடையாது, அடைப்பைக் காய்ச்சி அடித்தே பொருத்தியிருப்பார்கள். சீமைத் துப்பாக்கி என்றால் அங்குலக் கணக்கு மரை. மில்லிமீட்டர்க் கணக்கில் கச்சிதமாகப் பொருந்தும் மரை என்றால், இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறிய 1950களுக்குப் பிந்தைய வேலை என்று கிட்டத்தட்ட தைரியமாகச் சொல்லலாம். வெல்டிங் ராடு விட்ட மணி மணியான தழும்பு இருந்தால் திப்புவை நிம்மதியாகத் தூங்க விட்டுவிடலாம்.

தண்ணீர்க் குழாய் தண்ணீரின் அழுத்தத்துக்குச் செய்தது, வெடிமருந்துக்கு அல்ல. ஐம்பது தடவை தாங்கியது ஐம்பத்தொன்றாவது தடவை தாங்கும் என்று அந்த இரும்பு யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. நிஜ டமாஸ்கஸும் இந்த விஷயத்தில் நல்லவர் இல்லை. மேலே கோலம் அழகாக இருக்கும், உள்ளே கசடு ஓடிய தையல் வழியாகத் துரு புகுந்து பல்லாண்டுகளாகத் தின்றிருக்கும். வெளியிலிருந்து அது தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி எந்தத் துப்பாக்கியும் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். அந்தச் சட்டத்தின் 13ஆவது பிரிவு பயிர்க் காவலுக்கு வாய்வழித் துப்பாக்கி கேட்பவரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 45ஆவது பிரிவு ஒரு விலக்கும் தருகிறது. வழக்கொழிந்த மாதிரி, தொன்மை மதிப்புள்ளது, பழுதானது ஆகியவற்றுக்குச் சட்டம் பொருந்தாது. எல்லோரும் இதுவரை படித்துவிட்டுச் சந்தோஷமாகப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மீதி வரி முக்கியம்: ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக அது இருக்க வேண்டும். ரிப்பேர் செய்தால் வெடிக்கும் என்றால் விலக்கு இல்லை. "பழசுங்க" என்பது மட்டும் பதில் ஆகாது. அது போக, நூறு வருடம் தாண்டிய பொருளுக்கு 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டமும் உண்டு. அதன்படி தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. பெர்க்‌ஷயர் ஏலக் கணக்கைப் பார்த்துக் கனவு காண்பவர்கள் இதையும் ஒருமுறை படிக்கலாம். குடும்பத்தில் லைசென்ஸ்தாரர் இறந்துபோய்த் துப்பாக்கி மட்டும் அட்டாலியில் கிடந்தால் முதலில் போக வேண்டிய இடம் பழைய பொருள் கடை அல்ல, போலீஸ் ஸ்டேஷன்.

இத்தனைக்கும் நடுவில் வீட்டுக்காரர்கள் செய்யும் ஒரு நல்ல காரியம்தான் எல்லா ஆதாரத்தையும் அழித்துவிடுகிறது. சுத்தம் செய்வது. அட்டாலியிலிருந்து இறக்கியதும் உப்புத்தாள், கம்பி பிரஷ், கடைசியில் பஃப் வீல். நாரோடிய துரு போய்விடும், ஆழமில்லாத முத்திரை தேய்ந்துவிடும், பழுப்புப் பூச்சு உரிந்துவிடும், டமாஸ்கஸ் கோலம் மழுங்கி வெறும் வெள்ளி மாதிரி மின்னும். மினுமினுப்பு கூடக் கூட விலை இறங்கும் அபூர்வமான சரக்கு இது, டிப்ரிசியேஷனை வீட்டிலேயே உட்கார்ந்து தேய்த்துக் கொள்வது மாதிரி. மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணி போதும். கோலம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டுமென்றால் கட்டைக்குள் மறையும் அடிப்பக்கத்தில் கடுகளவு இடத்தில் எலுமிச்சைச் சாறு வைத்துப் பார்த்துவிட்டு உடனே துடைத்து எண்ணெய் தடவலாம். அதையும் அருங்காட்சியகத்தார் செய்தால் இன்னும் நல்லது.

சுத்தம் செய்தாவது வீட்டில் வைத்திருக்கிறார்களே என்று ஆறுதல் படவும் இடம் உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்துப் பெருங்கற்காலக் கல்லறைகளைப் பற்றி எழுதிய எம். ஜே. வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி, 1878இல் தஞ்சாவூர் அரண்மனையின் ஆயுதசாலையைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். 1855இல் கடைசி ராஜா இறந்தபின் கும்பினி எடுத்துக்கொண்ட ஆயுதசாலை அது. 1860களில் அங்கிருந்து பொறுக்கி எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின, இன்றும் எழும்பூரில் அவற்றைப் பார்க்கலாம். மிச்சமிருந்த ஏராளமானவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள், எடைக்கு.